பொரிக்காத குஞ்சுக்குப் பேரம்

ஒரு ஊர்ல ஒரு கோழிக்காரி இருந்தா. பேரு வெயிலாச்சி. பேருக்கேத்த மாதிரி வாயைத் திறந்தா அனலுதான். பேரம்னு வந்துட்டா, எமனே வந்து நின்னாலும் பாதி உசுருதான் தருவேன்னு நிப்பா. எங்கே, ம் கொட்டு. கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

அவகிட்ட நாப்பது கோழி இருந்துச்சு. அந்த வருசம் ஊருக்குள்ள கோழிச்சீக்கு வந்துச்சு பாரு, பொத்து பொத்துன்னு விழுந்து எல்லாம் போயி, ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு. சிவப்பி. அது ஏழு முட்டை மேல அடை உக்காந்திருக்கு. அந்த ஏழும் பிழைச்சாத்தான் வெயிலாச்சிக்குப் பிழைப்பு. இந்தச் சீக்கு ஊர்ல பொரிச்சா ஒண்ணும் தங்காது. அதனால கூடையில வைக்கோலைப் பரப்பி, முட்டையை வச்சு, சிவப்பியை மேல உக்கார வச்சு, தங்கச்சி ஊருக்கு ரயிலேறக் கிளம்பிட்டா. அன்னிக்கு இருபதாம் நாளு. நாளைக்குத்தான் பொரிக்கும். ரயிலு காலையில எட்டுக்கு ஏறினா பன்னெண்டுக்கு இறக்கி விட்டுரும். கணக்கு சரிதானே?

"ம்."

அப்புறம் ரயிலு வந்துச்சு. கூ... தடக் தடக், தடக் தடக். உள்ளே கால் வைக்க இடமில்லை. வெயிலாச்சி கூடையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, "முட்டை! முட்டை! எவனாவது இடிச்சீங்க, அவனையே அடைக்கு உக்கார வச்சிருவேன்!"னு கத்திக்கிட்டே புகுந்தா. ஜன்னலோர மூலையில ஒரே ஒரு இடம். அதுல ஒரு துண்டு கெடக்கு. துண்டுக்குப் பக்கத்துல சவரிமுத்துன்னு ஒரு பானை வியாபாரி, மீசையும் தொப்பையுமா.

"அண்ணாச்சி, துண்டை எடுங்க."

"அது எம் பானைக்குப் போட்ட இடம்."

"பானை வேடிக்கை பாக்கவா போவுது? இது அடைக்கோழி அண்ணாச்சி. ஒரு மிதி பட்டா ஏழு உசுரு போயிரும். பொரிச்சதும் உங்களுக்கு ஒரு குஞ்சு."

"ரெண்டு."

"ஒண்ணு."

"ஒண்ணரை."

"அரைக் குஞ்சை எங்கேன்னு வெட்ட? ஒண்ணுதான். பொரிச்ச கையோட இந்த ரயில்லயே எடுத்துக்கிடுங்க."

துண்டு எந்திரிச்சிருச்சு. வெயிலாச்சிக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. நாளைக்குப் பொரிக்கிற குஞ்சை மத்தியானம் இறங்குறவ எப்படித் தருவா?

அப்போ காத்து சிலுசிலுன்னு அடிச்சுது. பனைமரமெல்லாம் பின்னாலே ஓடுது. முறுக்கு வந்துச்சு, சுண்டல் வந்துச்சு. சவரிமுத்து முறுக்கை நொறுக்கு நொறுக்குன்னு கடிக்க, தூளெல்லாம் சிவப்பிக்குத்தான். 'மகாராணி கூட இப்படிப் போயிருக்க மாட்டா'ன்னு வெயிலாச்சி காலை நீட்டினா.

நீட்டினாளோ இல்லையோ, தடக்... தடக்... க்ரீச்! நின்னுருச்சு. பொட்டக்காடு. மருந்துக்கு ஒரு மரமில்லை. எதிர் வண்டி வரணும்னாங்க. அது வந்து விர்ர்ருன்னு போச்சு. இது நகரலை. இன்னொண்ணு வரணுமாம். வெயிலாச்சி ஜன்னல்ல தலையை விட்டு, "ஏ ரயிலே! நகருதியா, இல்ல நான் இறங்கி வந்து தள்ளவா?"ன்னு கத்தினா. ரயிலுக்குக் காது ஏது?

"ம்..."

அப்போ சிவப்பி வாயைப் பிளந்து ஹா ஹான்னு மூச்சு வாங்குது. எதுத்தாப்புல ஞானசெல்வின்னு ஒரு நர்ஸம்மா. கையில அரை பாட்டில் தண்ணி.

"நர்ஸம்மா, ஒரு மடக்கு."

"எனக்கே காணாதுக்கா."

"ஒரு குஞ்சு."

நர்ஸம்மா மூடியில தண்ணி ஊத்தினா. அப்புறம் வெயிலு திரும்பி நேரா கூடையில விழுந்துச்சு. அங்கே குடை தைக்கிற இப்ராகிம் பாய், மடியில கட்டுக்கட்டா குடையோட உக்காந்திருக்காரு.

"பாய், ஒரு குடையை விரிங்க."

"எல்லாம் அடுத்தவங்க குடைம்மா."

"ஒரு குஞ்சு."

"சேவலா, பெட்டையா?"

"உங்களுக்குப் பெட்டை!"

படக்! குடை விரிஞ்சுது. மணி பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு. வெயிலாச்சி ரயிலோட ஏழு தலைமுறையையும் திட்டி முடிச்சு மூச்சு வாங்குறா. அப்போ...

டிக்.

கூடைக்குள்ள இருந்துதான். டிக் டிக். அந்தப் புழுக்கத்துல முட்டை நாளைக்குன்னு காத்திருக்குமா? ஒரு ஓடு உடைஞ்சுது. ஈரத் தலை ஒண்ணு எட்டிப் பாத்துது. கீச்!

"எனக்கு!" சவரிமுத்து.

கீச்!

"எனக்கு!" நர்ஸம்மா.

கீச்!

பாய் குடையைப் பிடிச்சபடி சிரிச்சாரு, அவ்வளவுதான்.

மிச்சம் நாலு. வெயிலாச்சி ஒவ்வொண்ணாக் காதுல வச்சுப் பாத்தா. சத்தமே இல்லை. முப்பத்தொம்பது கோழியைச் சீக்கு கொண்டு போச்சு, மூணு குஞ்சைத் தன் வாயே கொண்டு போச்சு. சண்டை போட்டுத் தப்பிக்கலாம். அதுக்கு அவகிட்ட வாய் இருக்கு. ஆனா சொன்ன சொல்லை மாத்தினவ நாளைக்கு எந்தச் சந்தையில நிப்பா? கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மூணு குஞ்சையும் மூணு கையில வச்சுட்டா.

குஞ்சு மூணும் கீச் கீச்சுன்னு ஒரே கத்தல். சிவப்பி கெக்கெக்கேன்னு பறந்து வந்து சவரிமுத்து கையில ஒரே கொத்து!

"ஆத்தாடி! யக்கா, பிள்ளையைத் தாய்கிட்டயே விடு."

"அப்போ விட்டுக் குடுத்துட்டீங்களா?"

"அதெப்படி? குஞ்சு எங்களுதுதான். வளக்கிறது நீ. சனிக்கிழமை தோறும் இதே வண்டியிலதான் போறேன். ஜன்னலண்ட கொண்டு வந்து காட்டு."

"நானும் சனிக்கிழமை இதுலதான்"னா நர்ஸம்மா. "நானுந்தான்"னாரு பாய்.

"வளக்குறதுக்கு என்ன தருவீங்க?"

பாத்தியா, கண்ணு ஈரம் காயலை, அதுக்குள்ள பேரம்! பாய் வருசத்துக்கு ஒரு குடை தைச்சுத் தாரேன்னாரு. சவரிமுத்து தண்ணி வைக்க மண்சட்டி தாரேன்னாரு. நர்ஸம்மா மாட்டாஸ்பத்திரியில கேட்டு, கோழிக்குச் சீக்கு வராம ஊசி போட வைக்கிறேன்னா. அதைக் கேட்டதும் வெயிலாச்சி வேற ஒண்ணும் கேக்கலை.

சாயங்காலம் தங்கச்சி ஊரு வந்துச்சு. கூடையோட கீழே காலை வச்சா.

டிக்.

டிக் டிக். டிக்.

நாலும்! நாலும் அவளுக்கே!

...ம் காணோம். சரி, மெதுவாச் சொல்றேன்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெயிலாச்சி தங்கச்சி ஊரு ஸ்டேஷன்ல கூடையோட போயி நிப்பா. ரயிலு வரும். மூணு தலை வெளியே நீளும். "யக்கா, என் சேவல் கூவுதா?" "என் பெட்டை முட்டை போட்டுச்சா?" அவ ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டுவா. மூணாவதைக் காட்டுறதுக்குள்ள கூ...ன்னு கிளம்பிரும். உடனே அவ பின்னாலேயே ஓடிக்கிட்டு, "ஏ ரயிலே! உனக்கு என்னடா அவசரம்? கொஞ்சம் நில்லேன்டா!"ன்னு திட்டுவா.

தடக் தடக்... தடக்... தடக்...

ரயிலு போயிருச்சு. குஞ்சு தாயோட றெக்கைக்குள்ள பூந்துருச்சு. நீயும் போர்வைக்குள்ள போ.