கூரையில்லாத வீட்டில் கிடா

தாழங்கரை மடத்துச் சிவக்கொழுந்து சாமிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவருடைய சீடர் வைரக்கண்ணுவுக்கு அறுபது முடிந்துவிட்டது. கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் வைரக்கண்ணு மடத்துக்கு வர ஆரம்பித்தார். தென்னந்தோப்பும் ஊர் நாட்டாண்மையும் கையில் இருப்பவருக்குக் கோபம் எங்கே அடங்கும்? காலையில் வந்து உட்காருவார், கண்ணை மூடுவார், எழுந்து போய் யாரையாவது திட்டுவார்.

புயல் அடித்து ஓய்ந்து சில மாதம் கழித்து, ஒரு நாள் அவர் கண்ணை மூடவே இல்லை.

"சாமி, ஒரு கேள்வி. நல்லதுக்குக் கோவப்பட்டா அது பாவமா?"

"யார் மேல் கோபம்?"

"தையல்நாயகி மேல."

தையல்நாயகி ஊரின் கடைசித் தெருவில், வடிகால் வாய்க்காலை ஒட்டிக் குடியிருப்பவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவன். கல்யாண வயதில் ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகன். புயலில் கூரை பறந்துபோய், நாலு சுவருக்கு மேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறாள்.

அரசாங்கம் புயல் நிவாரணம் கொடுத்திருந்தது. ரேஷன் கார்டு இருந்தால் போதும், எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. பணம் வந்த கையோடு வைரக்கண்ணு ஊர்க்கூட்டம் போட்டார். ஆளாளுக்குச் செலவழித்தால் ஒன்றும் மிஞ்சாது, வீட்டுக்குப் பாதியைப் போட்டு வாய்க்காலைத் தூர் வாருவோம், அடுத்த மழைக்கு ஊர் முழுகாது என்றார். யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. வாய்க்கால் தூர்ந்துதான் கிடந்தது. ஊர் ஒத்துக்கொண்டது.

தையல்நாயகி மட்டும் கொடுக்கவில்லை. பணத்தை எடுத்தாள், ஒரு கிடா வாங்கினாள், வெட்டிப் பங்கு போட்டாள். வசூலுக்குப் போனவர்களிடம், காசு கறியாகிவிட்டது, கறியும் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"தலைக்கு மேல கூரை இல்ல சாமி. கிடா கேக்குது," என்றார் வைரக்கண்ணு. "கவர்மெண்டு எதுக்குக் குடுத்துச்சு, இவ எதுக்குச் செலவழிச்சிருக்கா?"

சாமி கேட்டார்.

"விழுந்த தென்னைக்கு உமக்குத் தனியாகப் பணம் வந்ததே, அதை என்ன செய்தீர்?"

"போர் போட்டேன். மிச்சத்துல சின்னவனுக்கு ஒரு பைக்கு."

"ஊரில் யாராவது கேட்டார்களா?"

"என் பணத்தை யாரு சாமி கேப்பா?"

சாமி தலையாட்டிக்கொண்டார். வைரக்கண்ணு வந்த காரியத்தைச் சொன்னார். சாயங்காலம் ஐயனார் கோயில் முன்னால் கூட்டம். தையல்நாயகியை ஊரை விட்டுத் தள்ளிவைக்கப் போகிறார்கள். வழக்கப்படி சாமி வந்து திருநீறு கொடுக்க வேண்டும்.

தாழங்கரையில் தள்ளிவைப்பது என்றால் சும்மா பேச்சில்லை. கடையில் உப்பு கூடக் கிடைக்காது. நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதைவிட, வைகாசியில் தையல்நாயகியின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. ஊர் தள்ளிவைத்த வீட்டு வாசலை எந்தச் சம்பந்தியும் மிதிக்க மாட்டான். அந்தக் கல்யாணம் அன்றோடு நின்றது என்று அர்த்தம். வைரக்கண்ணுவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வந்திருந்தார்.

"கறி எந்தெந்த வீட்டுக்குப் போனது?" என்று சாமி கேட்டார்.

வைரக்கண்ணு விரலை மடக்கினார். காசியம்மா வீடு, செந்தாமரை வீடு, கண்ணு தெரியாத குஞ்சம்மா வீடு, இன்னும் இரண்டு மூன்று. எல்லாம் அந்தக் கடைசித் தெரு.

"அங்கெல்லாம் ஆண்கள்?"

"யாரும் இல்ல. செத்தவன், ஓடிப்போனவன்."

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஆம்பிளை உள்ள வீடுதான் தலைக்கட்டு. ஆம்பிளை போய்விட்டால், மகனுக்கு மீசை முளைக்கிற வரைக்கும் அந்த வீடு கணக்கில் இல்லை. கோயில் வரி அவர்களுக்குக் கிடையாது. அதைப் பெரிய தர்மம் மாதிரி சொல்லிக்கொள்வார்கள், கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரி கிடையாது என்றால் கூட்டத்தில் இடம் கிடையாது. திருவிழாவில் கிடா வெட்டித் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு கறி பங்கு போடும்போது, அந்த வீடுகளுக்குப் பங்கும் கிடையாது. கறிக் கூடை வாசலைத் தாண்டிப் போகும். உள்ளே இருக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

"கிடாவின் தலை?" என்றார் சாமி.

வைரக்கண்ணு மடக்கிய விரல்களைப் பிரித்தார்.

"தாழங்கரையில் யார் கிடா வெட்டினாலும் தலை நாட்டாண்மை வீட்டுக்கு வரும் இல்லையா?"

"ஆமா."

"வந்ததா?"

"வரல," என்றார் வைரக்கண்ணு. வாய்க்காலைப் பற்றிப் பேசியபோது இல்லாத சூடு அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சாயங்காலம் வருகிறேன்," என்றார் சாமி.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. பித்தளைத் தாம்பாளம் ஒன்றை நடுவில் வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டு ஆம்பிளையும் வந்து, தன் பெயரைச் சொல்லி, ஒரு கொட்டைப்பாக்கை அதில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அங்கே அதுதான் வழக்கம், தலைக்கட்டுக்கு ஒரு பாக்கு. ஒரு வீட்டைத் தள்ளிவைக்க வேண்டுமானால் அந்த வீட்டுப் பாக்கை எடுத்து ஊர் எல்லைக்கு அப்பால் எறிந்துவிடுவார்கள். எறிந்த பிறகு அதைப் பற்றி மறுபேச்சு கிடையாது.

பெண்கள் மதிலுக்கு வெளியே நின்றார்கள். தையல்நாயகியும் நின்றாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வைரக்கண்ணு குற்றத்தைச் சொன்னார். ஊர்ப் பேச்சை மீறியது, பொதுக் காரியத்துக்குக் கொடுக்காதது, அரசாங்கப் பணத்தை அழித்தது. கிடாவின் தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, தையல்நாயகி என்று பெயர் சொல்லி, தாம்பாளத்திலிருந்து ஒரு பாக்கை எடுத்தார்.

சாமி அவர் கையைப் பிடித்தார்.

"இது யார் வீட்டுப் பாக்கு?"

கூட்டம் முழித்தது. எல்லாரும் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"ஓரமா இருந்தது என்னோடதுங்க. என்னைய எறிஞ்சிராதீங்க."

யாரோ சிரித்தார்கள். வைரக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பி முறைத்ததும் சிரிப்பு நின்றது.

"அவள் பாக்கை எடும்," என்றார் சாமி.

"அவளுக்கு ஏது சாமி பாக்கு?"

"உள்ளே வைக்காதவளை வெளியே எப்படித் தள்ளுவீர்?"

இதுவரை சாமி அப்படிக் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வைரக்கண்ணுவின் முகம் கறுத்தது. இத்தனை பேர் முன்னால் தோற்பது அவருக்குப் பழக்கமில்லை. மடியிலிருந்து ஒரு பாக்கை எடுத்துத் தாம்பாளத்தில் ணங்கென்று போட்டார்.

"இந்தா வச்சாச்சு. இதையே எடுத்து எறியிறேன்."

"யார் பெயரில் வைத்தீர்?"

"தையல்நாயகி பேர்ல."

"இப்போது அவள் தலைக்கட்டா?"

வைரக்கண்ணு பல்லைக் கடித்தார். "ஆமா."

"தலைக்கட்டுக்காரர் வராமல் அவர் வழக்கை இங்கே பேசியது உண்டா?"

அப்படி ஒருநாளும் பேசியதில்லை. ஆகவே தையல்நாயகியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் மகளின் கையை விலக்கிவிட்டு, மதிலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரு பொம்பளை எங்கே உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் தாம்பாளத்துக்கு நேர் எதிரே, தரையில் உட்கார்ந்தாள். கூரை போடாமல் கிடா ஏன் வாங்கினாய் என்று வைரக்கண்ணு கேட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் ஒரு துளி இல்லை, பல வருஷத்துக் கோபம் இருந்தது.

"கூரை போடத்தான் பாங்கிக்குப் போனேன். வர்ற வழியில சந்தையில கிடாவப் பாத்தேன். வாங்கிட்டேன். தப்பா ரைட்டான்னு எனக்குத் தெரியாது. திங்கிறப்ப எம்மவன் கேட்டான், இது நம்ம பங்காம்மான்னு. ஆமாடான்னேன்."

அவள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"கவர்மெண்டு பணம் குடுக்கிறப்ப ஒன் வீட்டுல ஆம்பிளை இருக்கானான்னு கேக்கல நாட்டாமை. இந்த ஊருதான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. காசு வந்ததும் கேக்கிறத நிறுத்திட்டீங்க. வாய்க்காலுக்கு வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனா, அதுவும் தெரியாது. யாரும் கேக்கல. எடுத்துக்கிட்டுப் போவத்தான் ஆளு வந்துச்சு."

"அப்ப நீ ஊருக்குக் கட்டுப்பட மாட்ட," என்றார் வைரக்கண்ணு. தாம்பாளத்துக்குக் கையை நீட்டினார். இந்த முறை எந்தப் பாக்கு என்று அவருக்குத் தெரியும். தானே வைத்தது.

தையல்நாயகியின் கை முந்திக்கொண்டது. பாக்கை எடுத்தாள். எறியப் போகிறாள் என்று நினைத்து முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவள் எறியவில்லை. வாயில் போட்டுக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். பாக்கு உடைந்த சத்தம் மதிலுக்கு வெளியே நின்ற பெண்கள் வரைக்கும் கேட்டது. அப்படியே உட்கார்ந்து, வைரக்கண்ணுவைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

அந்த ஊரில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள். சிலர் அக்கிரமம் என்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வைரக்கண்ணு நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல் சாமியின் பக்கம் திரும்பினார்.

"சாமி, வச்ச பாக்கை மென்னுட்டாளே. இப்ப நான் எதை எடுக்கிறது?"

"வெறும் பாக்கை மெல்லுகிறாள், தெரியவில்லையா?" என்றார் சாமி. "வெற்றிலை எடுத்துக் கொடும்."