ஒச்சம்மா வெட்டுன எருக்குழி

ஒரு ஊர்ல ஒரு ஒச்சம்மா. அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. அடுத்தவளை யாராவது புகழ்ந்தா மூணு தெரு தள்ளியிருந்தாலும் கேட்டுடும். ம் சொல்லு தங்கம். ம்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவ ஓரகத்தி சிட்டம்மா, அதான், புருசனோட அண்ணன் பொண்டாட்டி. சிட்டம்மா கிணத்துல தண்ணி இளநி மாதிரி இருக்கும். ஊரே குடத்தோட வந்து, "சிட்டம்மா தண்ணின்னா சிட்டம்மா தண்ணிதான்!"னு சொல்லும். ஒச்சம்மாவுக்கு வயிறு குபுகுபுன்னு எரியும்.

"எங்க கிணத்துக்கு என்ன குறைச்சல்? என் பருப்பு பூவா வேகுது!"ம்பா.

அப்புறம் ஒருநாள், எல்லாரும் களையெடுக்கப் போன நேரமாப் பாத்து, ஒரு படி உப்பை அந்தக் கிணத்துல சொர்ர்ருன்னு கொட்டினா. கரைஞ்சே போச்சு. ஒருத்தருக்கும் தெரியலை.

அப்புறம் ஒரு கூடை சருகைக் கொட்டினா. சிட்டம்மா, "பாழாப்போன காத்து!"ன்னு அரிச்சு எடுத்துட்டா.

மூணாவதா என்ன செஞ்சா தெரியுமா? வேலியோரம், கிணத்தை ஒட்டி எருக்குழி வெட்டினா. சாணி, மாட்டு மூத்திரம், அழுகல் எல்லாம் தொப்பு தொப்புன்னு அதுல.

"கிணத்துக்கிட்டயா வெட்டுறே?"ன்னு சிட்டம்மா கேட்டா.

"என் எடம், என் குழி! உனக்கென்னக்கா?"

அப்போ சடசடன்னு மழை. குழித் தண்ணி ஊறி, மண்ணுக்குள்ள இறங்கி, வேலியைத் தாண்டிக் கிணத்துல கலந்துடுச்சு. தூங்கிட்டியா? ம்.

தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் வயிறு கடமுடா. ஒச்சம்மா உள்ளுக்குள்ள சிரிச்சா. சாயங்காலம் பாத்தா, அவ மகளும் சுருண்டு படுத்திருக்கா!

"ஏங்க, நாம நம்ம தண்ணிதானே குடிக்கிறோம்?"

அவ புருசன் வீரணன் தலையைச் சொறிஞ்சான். "நம்ம உப்புத் தண்ணியில பருப்பு எங்கடி வேகும்? தினம் கோழி கூவ நான்தான் அண்ணி கிணத்துல எடுத்து நம்ம பானையில ஊத்துறேன். சொன்னா நீ குடத்தை உடைப்பே."

ஒச்சம்மா மம்பட்டியைத் தூக்கிட்டு ஓடினா.

"அக்கா! வேணும்னேதான் இந்தக் குழியை வெட்டினேன். உன் தண்ணியவே எல்லாரும் புகழுறாங்களேன்னு..."

சிட்டம்மா முறைச்சா. அப்புறம் ஒரு கூடையை அவ முன்னாடி டப்புன்னு வச்சா. "அழுகைய அப்புறம் வச்சுக்க. மொதல்ல அள்ளுடி."

அள்ளினா, அள்ளினா, ஊர் பாக்கத் தலையில சுமந்து தூரமாக் கொண்டுபோய்க் கொட்டினா. கிணத்தை மூணு தடவை சளக் புளக்குனு இறைச்சாங்க. நல்ல ஊத்து வர்ற வரைக்கும் ஊரே ஒரு கல் தூரம் நடந்து தண்ணி சுமந்துச்சு. பிள்ளைங்களுக்கெல்லாம் தண்ணியைக் காய்ச்சி ஆறவச்சுக் குடுத்ததுல, அவ மகளோட எல்லாரும் தேறிட்டாங்க.

இப்போ அந்தக் கிணத்தடியில யாராவது சோப்பைத் தொட்டாப் போதும், "ஏய், தள்ளிப் போய்த் தொவைடி!"ன்னு ஒச்சம்மா சத்தம்தான்.

"கிணறு என்னோடது, கத்துறது நீயாடி?"ன்னு சிட்டம்மா கேட்டா.

"கிணறு உனக்கு. காவல் எனக்கு. இதுலயாவது போட்டிக்கு வராதக்கா!"

அவ்வளவுதான் தங்கம். கதை தூங்கப் போயிடுச்சு, நீயும் போ.