வெளிநாட்டாரை வரவழைத்தவர்

ஒரு தீவு நாட்டில், கடலோரக் குன்றின் மேல் ஒரு மடம் இருந்தது. அதன் குரு நீலகண்டர். ஒரு நாள் காலை அவருடைய சீடன் பூவராகன் கீழே ஊருக்குப் போய்விட்டு, இருநூறு படிகளையும் நிற்காமல் ஏறி வந்தான். கோபம்தான் அவனை மேலே தள்ளிக்கொண்டு வந்தது.

“சுவாமி, என் அக்காவின் பாயும் பானையும் தெருவில் கிடக்கின்றன.”

“யார் போட்டது?”

“வீட்டுக்காரர். பன்னிரண்டு வருஷத்தில் அக்கா ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. ‘நீ மாசம் பூரா தர்றதை வெளிநாட்டுக்காரன் ரெண்டு ராத்திரிக்குத் தர்றான், செங்கமலம். நான் என்ன பைத்தியமா?’ என்று கேட்டாராம்.”

பூவராகன் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான்.

“இன்று மாலை சுற்றுலா அமைச்சர் இங்கே வருகிறார். உங்கள் புகழைக் கேட்டுத்தான் வெளிநாட்டார் மும்மடங்காக வருகிறார்களாம். அதற்காக உங்களுக்குப் பொன்னாடையாம்! போன வருஷம் நிதியமைச்சராக இருந்து நம் பணத்தின் மதிப்பைப் பாதாளத்தில் தள்ளியவரே இவர்தான். நம் பணம் விழுந்தது, அவர்களுக்கு இங்கே எல்லாம் சல்லிசாகிவிட்டது, வருகிறார்கள். நமக்கோ மீன் வாங்க வழியில்லை. அந்தப் பொன்னாடையை ஏற்காதீர்கள் சுவாமி. நீங்கள் ஏற்றால் பொய் உண்மையாகிவிடும்.”

“வரட்டும்” என்றார் குரு.

பூவராகன் முணுமுணுத்துக்கொண்டே முற்றம் பெருக்கப் போனான்.

மாலையில் மடத்து முற்றம் நிறைந்தது. முன்வரிசையில் வெளிநாட்டார். அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் நின்றார்கள்.

“இவர்கள் எதைத் தேடி வந்தார்கள்?” என்று அமைச்சர் முழங்கினார். “நம் அமைதியை! நம் பண்பாட்டை!”

“எங்க வீட்டு அமைதியைத் தேடி ஒருத்தனும் வரலையே” என்றாள் ஒரு மீன்காரி, பக்கத்திலிருந்தவளிடம்.

அமைச்சர் பொன்னாடையை விரித்தார். குரு இரு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். பூவராகன் தலையைக் குனிந்துகொண்டான்.

குரு அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்.

“அம்மா, இங்கே வருவதற்கு முன் என் பெயரைக் கேட்டதுண்டா?”

வழிகாட்டி மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சங்கடமாகச் சிரித்தாள். “இல்லை ஐயா. மன்னிக்க வேண்டும்.”

“பிறகு ஏன் இந்த நாடு?”

“பக்கத்துத் தீவுக்குத்தான் போக இருந்தோம். அங்கே விலை ஏறிவிட்டது. எங்கள் ஊரில் நான் பேருந்து ஓட்டுகிறேன். முன்பெல்லாம் என் ஒரு மாதச் சம்பளத்தில் இங்கே ஐந்து நாள்தான் தங்க முடியும். இப்போது இரண்டு வாரம் தங்கலாம்.”

பூவராகனுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை.

“அப்படியானால் இந்த மரியாதை எனக்குரியதல்ல” என்றார் குரு. “நம் பணம் விழாமல் இருந்தால் இந்த அம்மா வந்திருக்கமாட்டார். அதை விழச் செய்தவருக்குத்தானே இது சேர வேண்டும்?”

பொன்னாடையை அமைச்சரின் தோளிலேயே போர்த்திவிட்டார்.

“இன்னொரு சுத்து சுத்துங்க சாமி, மூச்சு முட்டட்டும்!” என்று கத்தினாள் மீன்காரி.

முற்றமே அதிர்ந்து சிரித்தது. அமைச்சர் முகம் கறுத்துப்போய்ப் படியிறங்கினார். காரில் ஏறும்போதும் பொன்னாடையைக் கழற்ற மறந்திருந்தார்.

கூட்டம் கலைந்தது. பூவராகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சரியான அடி சுவாமி! பத்து வருஷத்துக்கு ஊர் இதையே பேசும். அந்த முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? எனக்கு மனம் ஆறிவிட்டது.”

“ஆறிவிட்டதா?”

“முழுக்க ஆறிவிட்டது சுவாமி.”

அவன் அந்த மடத்தில் இருந்த ஒன்பது வருஷத்தில் குருவின் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அன்று உயர்ந்தது.

“செங்கமலத்துக்கு வீடு கிடைத்துவிட்டதா?”