டைட்டஸ் விட்ட பந்து

புன்னைத்துறை கால்பந்து அணி பைனலுக்குப் போனால், முந்தின நாள் சாயங்காலம் ஒரு காரியம் நடந்தே ஆக வேண்டும். கடைசியாகக் கோப்பை வாங்கித் தந்த கோல் எதுவோ, அதை மைதானத்தில் மறுபடி அடித்துக் காட்டுவார்கள். அதற்குக் கோல் காட்டு என்று பெயர். வெடி உண்டு, பாயசம் உண்டு. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்துவிடுவார்கள்.

ஒன்பது வருடமாக ஒரே கோலைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கோப்பை வரவில்லை. மூன்று தடவை பைனலுக்குப் போனார்கள். மூன்று தடவையும் முந்தின நாள் அழகாகக் காட்டினார்கள், மறுநாள் தோற்றுத் திரும்பினார்கள். காட்டியதில் ஏதோ குறை இருந்திருக்கும் என்று ஊர் முடிவு செய்தது. அடுத்த தடவை வெடியைக் கூட்டினார்கள்.

அந்தக் கோலை அடித்தவன் வின்ஸ்லின். அன்றைக்கு அவன் பெயர் வெளியூரில் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு அவன்தான் கேப்டன். முட்டி தேய்ந்துவிட்டது. இந்த டோர்னமென்ட் முடிந்ததும் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், இனி ஆட மாட்டான். தோற்ற மூன்று பைனலிலும் அவன்தான் கேப்டன் என்பதை ஊரில் யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பது அவனுக்கு நன்றாகவே கேட்டது.

இந்த வருடம் அணிக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் கிளீட்டஸ். பந்தோ சிலம்பமோ, கற்றுத் தருகிறவரை அந்தப் பக்கத்தில் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல ஆசான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சங்கடம் என்னவென்றால், அவருக்குச் சொந்த ஊர் ஆழித்துறை. நாளைக்குப் பைனலில் எதிரே நிற்கப்போவதும் ஆழித்துறைதான்.

போதாததற்கு, ஒன்பது வருடம் முன்பு அந்தக் கோல் போனபோது ஆழித்துறைக்காகப் பின்னால் நின்று தடுத்து ஆடியவரும் அவரேதான். தடுத்து ஆடியவர் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அன்றைக்கு அவர் எதையும் தடுக்கவில்லை.

காலையிலேயே வின்ஸ்லின் அவரைப் பார்க்கப் போனான்.

"ஆசானே, இண்ணைக்குக் கோல் காட்டு உண்டு. நீங்க வரல்லன்னாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"ஏன் வரப்பிடாது?"

"உங்களைத் தாண்டிப் போன கோலாக்கும் அது. உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா."

"வாறேன்," என்றார் ஆசான். "எனக்கு அதைப் பாக்கணும்."

சாயங்காலம் கோயில் மதிலை ஒட்டிய மணல் மைதானத்தில் ஊரே கூடியது. அந்தக் கோலில் வின்ஸ்லினோடு ஆடிய பழைய ஆட்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். இடது ஓரத்தில் பெர்க்மான்ஸ் பந்தோடு நின்றார். கோலுக்கு முன்னால் டைட்டஸ். அவர் இப்போது ஐஸ் பிளான்ட் நடத்துகிறார், வயிறு அவருக்கு முன்னால் போய் நின்றது. பின்னால், தூரத்தில் வின்ஸ்லின். பெர்க்மான்ஸ் குறுக்கே தட்ட வேண்டும். டைட்டஸ் அடிப்பதுபோல் காலைத் தூக்கி, அடிக்காமல், பந்தைக் காலிடுக்கில் போக விட வேண்டும். ஓடி வருகிற வின்ஸ்லின் அதை வாங்கி வலது மூலையில் அடிப்பான். அவ்வளவுதான் கோல். அதன் ஒவ்வொரு அசைவும் அந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மதில்மேல் ஆழித்துறை ஆட்கள் ஏழெட்டுப் பேர் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. பெருமை பேசுகிற இடத்தில் எதிரியும் இருந்தால்தானே ருசி. நாளைக்கு ஆழித்துறைக்காகப் பின்னால் நின்று தடுத்து ஆடப்போகிற ஷிஜுவும் அதில் இருந்தான்.

பங்குச் சாமியார் விசில் அடிக்கப் போனார். அப்போது ஆசான் கோல் கம்பத்துக்குப் பின்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார். டைட்டஸுக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டைட்டஸ் திரும்பிப் பார்த்தார். "என்ன ஆசானே? இதில தடுக்கதுக்கு ஆளு கிடையாது."

"அண்ணைக்கு உண்டுல்லா?"

"இருந்தீரு. இருந்து என்ன செஞ்சீரு?"

கூட்டம் சிரித்தது. ஆசானும் சிரித்தார். நகரவில்லை.

சாமியார் விசில் ஊதினார். பெர்க்மான்ஸ் தட்டினார். டைட்டஸ் காலைத் தூக்கி, பந்தை விட்டார். காலிடுக்கில் வந்த பந்தை ஆசான் பாதத்தால் அமுக்கி நிறுத்தினார். ஓடி வந்த வின்ஸ்லின் வெறும் மணலில் வந்து நின்றான். ஆசான் பந்தைப் பெர்க்மான்ஸிடம் மெல்லத் தள்ளிவிட்டார்.

"இன்னொரு தடவை," என்றார்.

இரண்டாம் தடவையும் பந்து அவர் காலடியில்தான் வந்து நின்றது. மூன்றாம் தடவை டைட்டஸ் கொஞ்சம் முன்னே போனார், பெர்க்மான்ஸ் பலமாக அடித்தார், வின்ஸ்லின் முட்டி வலிக்க ஓடினான். ஆசான் அவசரமே படவில்லை. பந்து எங்கே வரும் என்று தெரிந்தவர் அங்கேதான் நின்றார்.

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வெடிக்குத் திரி கொளுத்தத் தீக்குச்சியோடு நின்றவர் விரலைச் சுட்டுக்கொண்டார். பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் சத்தமாகவே சொன்னார்:

"ஆழித்துறைக்காரன் ஆழித்துறைக்காரன்தாம்லே."

எங்கிருந்தோ ஒரு தேங்காய்ச் சிரட்டை பறந்து வந்து ஆசான் தோளில் பட்டது. இரண்டு பேர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். சாமியார் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். எவ்வளவு நேரம் நிறுத்த முடியும் என்பது அவருக்கே தெரியாது.

வின்ஸ்லின் ஆசானின் கையைப் பிடித்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நேரா கேக்கேன் ஆசானே. நீங்க யாருக்க ஆளு?"

"உனக்க ஆசான்."

"அப்போ இது என்ன வேலை? ஊருக்கு முன்னால எங்களை நாறடிச்சாச்சு. அது போட்டும். ஷிஜு மதில்ல இருந்து பாத்துட்டு இருக்கான். எங்க நிண்ணா இந்தப் பந்து நிக்கும்னு அவனுக்கு நீங்களே படிச்சுக் கொடுத்துட்டீங்க."

"நல்லா பாத்தானா?"

"கண்ணெடுக்காம பாத்தான்."

"கொள்ளாம், நல்லதாப் போச்சு," என்றார் ஆசான்.

வின்ஸ்லின் அவர் கையை விட்டான்.

"எனக்கு இது கடைசி ஆட்டமாக்கும். நாளைக்கும் தோத்துட்டு மஸ்கட்டுக்குப் போனா, பெறவு எந்த முகத்தை வச்சிட்டு இந்த ஊருக்குத் திரும்பி வருவேன்?"

ஆசான் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"ஒண்ணு சொல்லு. ஒம்பது வருசம் முன்ன, நீ அந்தக் கோலை அடிச்சதுக்கு முந்தின நாளு, இங்க எந்தக் கோலைக் காட்டினீங்க?"

வின்ஸ்லின் யோசித்தான். அதை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"டைட்டஸ் அண்ணன் அடிச்ச கோலு. அதுக்கு முன்னத்த கோப்பை அதிலதான் வந்தது. இதே மாதிரி இடது பக்கத்திலேருந்து பந்து வரும். அண்ணன் நேரா வலையில அடிப்பாரு."

"நல்லா காட்டினீங்க. நான் அந்த மதில்லதான் இருந்தேன்."

வின்ஸ்லின் மதிலைப் பார்த்தான். ஷிஜு இன்னும் அங்கேயே இருந்தான். கடலைப் பொட்டலம் மடியில் கிடந்தது.

"மறுநாளு ஆட்டம் முழுக்க நான் டைட்டஸை விட்டு நகரல்ல," என்றார் ஆசான். "பந்து அவன் காலுக்குத்தான் வரும்னு எனக்கு நல்லா தெரியும். அவன் காலுக்குத்தான் வந்துது. அவன் ஏன் அடிக்கல்ல?"

வின்ஸ்லின் சுற்றிலும் பார்த்தான். அடிக்காமல் விட்டது டைட்டஸ் போட்ட திட்டம் என்றுதான் ஊரில் பேச்சு. டைட்டஸும் இத்தனை வருடத்தில் இல்லை என்று சொன்னதில்லை.

"காலு பிரண்டு போச்சு," என்றான் தணிந்த குரலில். "அடிச்சா விழுந்திருவாரு. அதான் விட்டுட்டாரு. பின்னால நான் வாறது அவருக்குத் தெரியவே தெரியாது."

மைதானத்தில் கூட்டம் பொறுமை இழந்து கை தட்டத் தொடங்கியது. சாமியார் இரண்டு தடவை விசில் ஊதினார்.

"போ, கூப்பிடுகாங்க," என்றார் ஆசான். "நான் ஓரமா இருக்கேன், இனி வரல்ல. அந்தக் கோலை நல்லா காட்டு. ஷிஜுக்கு ஒண்ணும் விட்டுப்போகப்பிடாது."

வின்ஸ்லின் இரண்டடி வைத்தவன் நின்றான். மெல்லத் திரும்பினான்.

"அப்போ நாளைக்கு ஷிஜு, இண்ணைக்கு நீங்க நிண்ண எடத்தில வந்து நிப்பான்."

"நிப்பான்."

"நகர மாட்டான்."

"நான் நகந்தேனா?"

வின்ஸ்லின் மைதானத்தைப் பார்த்தான். பெர்க்மான்ஸ் பந்தோடு அதே இடத்தில் நின்றார். டைட்டஸ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தார். அவன் ஓடி வர வேண்டிய பாதை ஒன்பது வருடத்தில் மணலில் தடமாகவே விழுந்திருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது.

"அப்போ நாளைக்கு நான் எந்தப் பக்கமா வரணும் ஆசானே?"

ஆசான் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"டைட்டஸ் அண்ணைக்கு யாருகிட்ட கேட்டான்?"