ஏழு கையெழுத்துகள்

வீடு சேர்த்த அறுபத்தெட்டாம் நாள், ஒரு புதன்கிழமை காலையில், முத்துப்பேச்சி தனியாக வந்து மாநகராட்சி இல்லத்தின் வாசலில் நின்றாள்.

மனம் பிறழ்ந்து தெருவில் அலையும் பெண்களை அழைத்து வந்து, மருந்து கொடுத்து, தேறிய பின் அவர்களுடைய ஊரைக் கண்டுபிடித்து அனுப்பிவைப்பது அந்த இல்லத்தின் வேலை. அப்படி அனுப்புவதை அங்கே ‘வீடு சேர்த்தல்’ என்பார்கள். முத்துப்பேச்சியை அவளுடைய அண்ணன் வீட்டில் சேர்த்தவர் கோமதிநாயகம்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பதினெட்டு ஆண்டுகள் அதே மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவர். வேலைக்கு நடுவே படித்துப் பட்டம் பெற்று, மனநல சமூகப் பணியாளராக மாறி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயதில் எட்டு ஆண்டு இளையவர், வேலையில் பதினைந்து ஆண்டு மூத்தவர். ஒருவரையொருவர் சார் என்றும் மேடம் என்றும் அழைத்துக்கொண்டார்கள்.

“மாத்திரை வாங்க வந்தேன், சார்,” என்றாள் முத்துப்பேச்சி. “மைனிதான் பஸ் ஏத்திவிட்டா. வாங்குன உடனே போகணும். பிள்ளைக்குப் பரிச்ச வருது.”

கோமதிநாயகம் அவளுடைய பையை வாங்கித் திறந்தார். இல்லத்திலிருந்து போகும்போது கொடுத்த புடவைகள் அத்தனையும் அதில் இருந்தன. அடியில் மாத்திரை அட்டைகள். இன்னும் இருபது நாளைக்குக் குறையாத மாத்திரைகள்.

“உட்காரும்மா, வரேன்,” என்றார்.

கோப்பை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவின் அறைக்குப் போனார்.

“மேடம், நான் எங்கே தவறு செய்தேன்?”

ஜெசிந்தா கோப்பைத் திறக்கவில்லை.

“ஒப்புதல் கடிதத்தில் யார் யார் கையெழுத்து இருக்கு? படிங்க.”

“அண்ணன் மாடசாமி. ஊராட்சித் தலைவர். கிராம நிர்வாக அலுவலர். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். நான்.”

“ஆறு.”

“ஏழாவது நீங்க, மேடம்.”

“ஆமாம். நானும் காகிதத்தைப் பார்த்துத்தான் போட்டேன்.”

கோமதிநாயகம் கடிதத்துடன் இணைத்திருந்த புகைப்படத்தைத் தடவிப் பார்த்தார். நடுவில் முத்துப்பேச்சி, அவள் தோளில் ஊராட்சித் தலைவர் போர்த்திய சால்வை. ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் கோமதிநாயகம், பின்னால் தெரு முழுவதும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சமையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம சார் பக்கத்துல நிக்கிறதப் பாத்தா மாப்பிள்ளை அழைப்பு மாதிரியில்ல இருக்கு,” என்று சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

“எல்லோரும் சம்மதித்தார்கள், மேடம். ஒருவர்கூட மறுக்கவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.”

“முதல் பஸ் எத்தனை மணிக்கு, சார்?”

“ஆறே காலுக்கு. ஜீப் கேட்கட்டுமா?”

“வேண்டாம். ஜீப் போனால் தெருவும் கூடவே வரும்.”

மறுநாள் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் இசக்கியம்மாள் மட்டும் இருந்தாள். முத்துப்பேச்சி மைனி என்று சொன்ன அண்ணன் மனைவி அவள். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கோமதிநாயகத்தைக் கண்டதும் கை நின்றது.

“அவுக வேலைக்குப் போயிருக்காக, சார்.”

“உங்களைப் பார்க்கத்தாம்மா வந்தோம்,” என்றார் ஜெசிந்தா. சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். ஈர இலை ஒன்றை எடுத்து வெட்டினார்.

கோமதிநாயகம் குறிப்பேட்டைத் திறந்தார். ஜெசிந்தா அவரைப் பார்த்த பார்வையில் மூடினார்.

இரண்டாவது இலையும் கோணலாகப் போயிற்று.

“மேடம், அந்த இலை உங்கள என்ன செஞ்சுது?” என்றாள் இசக்கியம்மாள். “தகட்ட மேல வச்சுல்லா வெட்டணும்.”

“எங்க வீட்டிலயும் இதையேதான் சொல்லுவாங்க. கத்தரிக்கோல எடுத்தாலே துணியை ஒளிச்சு வைப்பாங்க.”

இசக்கியம்மாள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அளவுத் தகட்டை நகர்த்திக் கொடுத்தாள். ஜெசிந்தா தகடு வைத்து வெட்டினார். அவள் சுற்றினாள். நெடுநேரம் அறையில் கத்தரிக்கோலின் சத்தம் மட்டுமே இருந்தது. ஜெசிந்தா எதையும் கேட்கவில்லை. கோமதிநாயகம் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

“அவ வந்து சேந்துட்டாளா?” என்று இசக்கியம்மாள்தான் கேட்டாள்.

“சேர்ந்துட்டாங்க.”

“கண்டக்டர்ட்ட ரெண்டு தடவ சொல்லி ஏத்துனேன்.”

“பத்திரமா வந்துட்டாங்கம்மா.”

இசக்கியம்மாள் நூலைப் பல்லால் கடித்தாள்.

“அவ மேல நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். மாத்திரைய ஒழுங்கா போடுவா. தண்ணி எடுப்பா, பாத்திரம் கழுவுவா. ஒரு சத்தம் கெடையாது.”

“பிறகு ஏன்...” என்று தொடங்கினார் கோமதிநாயகம்.

“பிள்ளையவே பாத்துக்கிட்டு இருப்பா, சார். சாப்பிடையில பாப்பா. படிக்கையில பாப்பா. பெத்தவ, பாக்கத்தான செய்வா? பிள்ளைக்கு அது தெரியுமா? ரெண்டு வயசுல விட்டுட்டுப் போன முகம். எண்ணெ தேய்ச்சு விடுதேன் வாட்டின்னு கூப்பிட்டா, என் சேலைக்குள்ள வந்து ஒளியுது. ஒம்பது வயசுப் பிள்ள, படுத்த பாயை நனைக்குது.”

ஜெசிந்தா அடுத்த இலையைத் தகட்டின் அடியில் வைத்தார்.

“எனக்குப் பிள்ள இல்ல, மேடம்,” என்றாள் இசக்கியம்மாள். “என் வயித்துல ஒண்ணும் தங்கல. அது ஒண்ணுதான். ஏழு வருசம் அம்மான்னு கூப்பிட்டுட்டு, ஒருநா ராவுல, ‘நான் உன்ன அத்தைன்னு கூப்பிடணுமா’ன்னு கேக்கு.”

“நீங்கள் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா?” என்றார் கோமதிநாயகம். “உங்களையும் கேட்டேனே.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“கேட்டிய. எங்க வச்சுக் கேட்டிய? தலைவர் சால்வையோட நிக்காரு. தெருவே வாசல்ல நிக்கு. இவுக தங்கச்சியக் கட்டிப்பிடிச்சு அழுதாக. அந்த நேரத்துல, ‘உங்களுக்கு ஆட்சேபணை உண்டா’ன்னு கேட்டிய. நான் என்ன சொல்லட்டும், சார்? பதினெட்டுப் பேருக்கு டீ போட்டுக் குடுத்தேன். நல்ல மனுசின்னு சொல்லிட்டு அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டிய.”

கோமதிநாயகம் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்தார்.

“இப்போ நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம்,” என்றார் ஜெசிந்தா. “அவங்க இங்க வந்து இருக்கிறது உங்களுக்கு வேண்டாமா, இசக்கியம்மா?”

சுற்றிய பீடியைத் தட்டில் வைத்துவிட்டு அவள், “வேண்டாம்,” என்றாள்.

சொல்லும்போதே அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பெற்ற தாய்க்கு உரிமை என்று ஒன்று இருக்கிறது, அம்மா...” என்றார் கோமதிநாயகம்.

“சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும். அந்தக் குடத்தில இருக்கா பாருங்க,” என்றார் ஜெசிந்தா.

அவர் எழுந்து போனார். அந்த நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து சிறுமி வந்தாள். வாசல்படியில் ஒரு காலை வைத்தவள், உள்ளே தண்ணீர் டம்ளருடன் நின்ற கோமதிநாயகத்தைப் பார்த்தாள். அவரை அடையாளம் தெரிந்துகொண்டாள். காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

“யம்மா, அவங்களயும் கூட்டிட்டு வந்திருக்காரா?”

“இல்லட்டி. யாரும் வரல. கையக் கழுவிட்டு வா.”

அவள் வரவில்லை. தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகுதான் வந்தாள்.

புறப்படும்போது இசக்கியம்மாள் வாசல்வரை வந்தாள்.

“மாத்திரை வாங்கிட்டு வான்னு பொய் சொல்லித்தான் அனுப்புனேன், மேடம். அவ நம்பிட்டா. பஸ் கெளம்புறப்போ கூட கைய ஆட்டுனா.”

“நாங்க சொல்லிக்கிறோம்மா.”

“மாசத்துக்கு ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போகட்டும்னு சொல்ல ஆசதான். வாயில வர மாட்டேங்கு.”

“வரும்போது வரட்டும். வராட்டியும் பரவாயில்லை.”

பேருந்து ஊரைத் தாண்டியது. கோமதிநாயகம் சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த அம்மா இறங்கி வந்திருப்பார்கள், மேடம். நல்ல மனசுதான்.”

“ஆமாம், சம்மதிச்சிருப்பாங்க.”

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

“போன தடவையும் சம்மதிச்சாங்க.”

இல்லத்தை நெருங்கும்போது மாலை ஆகியிருந்தது. வாசல் கம்பிக்கு உள்ளே முத்துப்பேச்சி நின்றிருந்தது தொலைவிலேயே தெரிந்தது.

“நான்தான் கொண்டுபோய் விட்டேன். நான்தான் சொல்ல வேண்டும்,” என்றார் அவர். “இப்போதே சொல்லிவிடட்டுமா?”

“இப்போ சொன்னா ராத்திரி பூரா அவங்க பக்கத்தில யார் இருப்பா? காலையில சொல்லுங்க. பகல் நீளமா இருக்கும்.”

“இப்போது கேட்டால்?”

“நாளைக்குக் காலையில சொல்றேன்னு சொல்லுங்க. பொய் வேண்டாம்.”

எப்போது ஊருக்குப் போகலாம் என்று அவள் கேட்டாள். அவர் அப்படியே சொன்னார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முத்துப்பேச்சி தலைவாரிப் பொட்டு வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். கோமதிநாயகம் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் அமர்ந்தார். இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“நேற்று ஊருக்குப் போயிருந்தோம்மா. உங்கள் மைனியைப் பார்த்தோம்.”

“என்ன சொன்னா?”

“நீங்கள் அங்கே வந்து இருப்பது வேண்டாம் என்றார்கள்.”

“கோவத்துல சொல்லியிருப்பா.”

“கோபம் இல்லைம்மா. அழுதுகொண்டேதான் சொன்னார்கள்.”

“மாத்திரைக்குத்தான அனுப்புனா?”

“இல்லை.”

அவளுடைய விரல்கள் பையின் காதைச் சுற்றிக்கொண்டன.

“அண்ணன்?”

“அவரைப் பார்க்கவில்லை.”

“பிள்ள வந்தாளா?”

“வந்தாள்.”

“என்னக் கேட்டாளா, சார்?”

வாசலில் ஜெசிந்தா நிற்பது கோமதிநாயகத்துக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயப்படுகிறாள், அம்மா.”

“என்னையப் பாத்தா?”

“ஆமாம்.”

முத்துப்பேச்சி அழவில்லை. சத்தமும் போடவில்லை. பையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள். காலை உணவுக்கான தட்டு வந்தது, ஆறியது. சமையல்காரம்மா அதை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்குக் கோமதிநாயகம் எழுந்து வெளியே வந்தார். ஜெசிந்தா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் சொல்லிவிட்டேன், மேடம். இனி நான் என்ன செய்ய வேண்டும்?”

“உள்ளே போய் உட்காருங்க.”

“என்ன பேசுவது?”

“ஒண்ணும் பேச வேண்டாம்.”

“எவ்வளவு நேரம்?”

“அவங்க பேசுற வரைக்கும்.”

“இன்றைக்கு முழுவதும் பேசவே இல்லையென்றால்?”

“மூணு மணிக்கு நான் வந்து உட்காருறேன்,” என்றார் ஜெசிந்தா. “அப்போ நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க.”