கரிச்சான் தட்டிய நான்கு தட்டு

பறவையும் மிருகமும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கரிச்சான் குருவியைத்தான் அனுப்ப வேண்டும். கரிச்சான் குலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. “இல்லை” என்ற சொல் அவர்கள் வாயில் வரக்கூடாது. வந்தால் கூடு விளங்காதாம். ஆள் கிடைத்தாலும் “நல்லது” என்பார்கள். கிடைக்காவிட்டாலும் “நல்லது” என்பார்கள்.

ஒரு நாள் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு மழை பிடித்தது. மேட்டில் இருந்த பூரணி என்ற முயல் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரை நாணற்புதரில் அவள் தங்கை வடிவு நான்கு குட்டி போட்டுப் படுத்திருந்தாள். பூரணிக்கோ பின்னங்கால் ஊனம். ஓட முடியாது.

“சுடலை, சீக்கிரம் போடா. வெள்ளம் வருகிறது, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வா என்று வடிவிடம் சொல்” என்று கரிச்சானை அனுப்பினாள்.

போனவன் இன்னும் போகிறானா, போய்ச் சேர்ந்தானா, வழியில் பருந்து அடித்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. பூரணி நின்ற இடத்திலேயே மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் நனைந்துபோய் வந்து கிளையில் உட்கார்ந்தான்.

“என்னடா ஆச்சு?”

“நல்லது, அத்தை.”

பூரணிக்கு மூச்சு வந்தது. குட்டிகளுக்கென்று காய்ந்த புல்லைப் பரப்பி வைத்தாள். பாதையைப் பார்த்தாள். வடிவு வரவில்லை. மறுபடியும் பார்த்தாள். கீழே ஆறு இரைவது கேட்டது.

“டேய், அவளைக் கண்ணால் பார்த்தாயா?”

“நல்லது, அத்தை.”

“உன் நல்லதில் இடி விழ! என் முகத்தைப் பார்த்துச் சொல்.”

சுடலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். “அந்தச் சொல்லைச் சொன்னால் அம்மா என்னைக் கூட்டில் சேர்க்க மாட்டாள், அத்தை.”

“வாயால் சொல்ல வேண்டாம். அலகு இருக்கிறதல்லவா? அவள் கிடைத்திருந்தால் கிளையில் இரண்டு தட்டு. கிடைக்காவிட்டால் நான்கு.”

சுடலை தட்டினான். ஒன்று. இரண்டு. பூரணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்று. நான்கு.

“அடப்பாவி! அப்படியானால் இடம் மாறிவிட்டாள். கரையில் வேறு மறைவு மூங்கில் தூர்தான், அங்கே போய்ப் பார். போகும் வழியெல்லாம் ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டே போ. நீ போய்க்கொண்டிருக்கிறாய் என்றாவது எனக்குத் தெரியட்டும்.”

மழைக்குள் ஒற்றைத் தட்டு தூரமாகப் போனது. பிறகு நின்றுவிட்டது. பூரணி காதைத் தூக்கியபடி நின்றாள். வெகுநேரம் கழித்து இரண்டு தட்டு கேட்டது.

வடிவு மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று குட்டிகள்தான் இருந்தன. நான்காவதைத் தூக்கத் திரும்பியபோது மூங்கில் தூருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம்.

“கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருக்கக் கூடாதா, அக்கா?” என்று அழுதாள்.

பூரணி மூன்று குட்டிகளையும் காய்ந்த புல்லில் படுக்க வைத்தாள். கிளையிலிருந்து சுடலைதான் சொன்னான்: “முன்னாலேயே வந்தேன், சின்ன அத்தை. நீ நாணற்புதரில் இல்லை.”

அந்தச் சொல்லைச் சொன்ன முதல் கரிச்சான் அவன்தான்.

அன்று தொட்டுத்தான், கூப்பிட்டவருக்கு வெறும் “நல்லது” வராமல், நடந்தது என்ன என்று எண்ணில் பதில் வருகிறது. இப்போது இணையம் வழியாக நாம் ஒருவரைக் கூப்பிடும்போதும், குரலுக்கு முன்னால், நம் கண்ணில் படாமல், தட்டுக்கு ஒரு நூறாக அந்த எண் திரும்பி வருகிறது. நூறு என்றால் அழைப்பு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. இருநூறு என்றால் எடுத்துவிட்டார். முந்நூறில் தொடங்கினால் இடம் மாறிவிட்டார். ஐந்நூறில் தொடங்கினால் அழைப்பைக் கொண்டுபோகும் கணினியின் பக்கம் தடங்கல். கூப்பிட்ட இடத்தில் அவர் இல்லையென்றால், நானூற்று நான்கு என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.