இன்னாசியம்மாவுக்கு முதல் வாய்

கால நீட்டிக்கோ. போர்வைய இழுத்து விட்டுக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும், சொல்லிட்டேன்.

ஒரு கடலோர ஊர்ல ஒரு சாப்பாட்டுக்காரம்மா இருந்தா. பேரு இன்னாசியம்மா. துறைமுகத்துக்கு எதுத்தாப்புல அவ மெஸ்ஸு. கீழ சமையல், மாடியில ரெண்டு ரூமு. கப்பல்ல வர்றவங்க கரையில தங்க வேண்டி வந்தா அங்கதான் தங்குவாங்க. அவ கல்லுல தோசை ஊத்துனா 'சொய்ங்'னு சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவ அம்மாகிட்ட இருந்து வந்தது. கிறிஸ்துமஸ் அன்னைக்கு அவ கூரைக்குக் கீழ இருக்கற அத்தன பேரும் சாப்பிட்டுக் கை கழுவணும். அப்புறந்தான் அவ வாயில பண்டிகைச் சோறு போகும். ஒருத்தர் பாக்கி இருந்தாக்கூட தொட மாட்டா. புருசன் போய்ச் சேந்தாச்சு, பிள்ளகுட்டி கிடையாது. அதனால அவ சாப்பிடுறப்ப எதுத்தாப்புல சட்டிதான் உக்காந்திருக்கும். அடுப்புகிட்ட குத்த வச்சு, அடிச்சட்டிய வழிச்சுத் தின்னுட்டு எழுந்துடுவா. ஒருத்தரும் அவளுக்கு ஒரு கரண்டி போட்டது கிடையாது.

ம்?

"ம்."

அப்போ ஒரு டிசம்பர் மாசம், கிறிஸ்துமஸுக்கு மொத நாள். ஒரு சரக்குக் கப்பல் 'பூ...ம்'னு ஊதிக்கிட்டு வந்துச்சு. வந்த இடத்துல இன்ஜின் 'டொக்'னு நின்னுபோச்சு. ரிப்பேர் முடியற வரைக்கும் தங்கிக்கோங்கனு மூணு பேர இன்னாசியம்மா மாடிக்கு அனுப்புனாங்க. மூணு பேரும் மூணு தேசம்.

மொத ஆளு போலந்துக்காரரு, வெள்ள மீசை. அவரு தன் பேரச் சொன்னதும் இன்னாசியம்மா, "அட, எங்க தாய்மாமன் பேருல்லா, தனிஸ்லாசு"ன்னு சொல்லி அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டா. ரெண்டாவது ஆளு பிலிப்பைன்ஸ்காரன், ரொமேலு. இந்தத் துறைமுகத்துக்கு அடிக்கடி வந்து வந்து கொஞ்சம் தமிழ் பேசுவான். மூணாவது ஆளு எத்தியோப்பியாக்காரன், தெஸ்பாய். பனை மாதிரி நெட்டை, முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. கப்பலுக்குப் புதுசு. அவன் பேச்சு ஒருத்தருக்கும் புரியாது, ஒருத்தர் பேச்சும் அவனுக்குச் சரியா புரியாது.

அன்னைக்குச் சாயங்காலம் தனிஸ்லாசு சன்னல்கிட்ட நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மொத நட்சத்திரம் வந்தாத்தான் அவங்க ஊர்ல பந்தி. அதுலயும் கறி கூடாது, மீனுதான். நட்சத்திரம் 'மினுக்'குன்னுச்சு, இன்னாசியம்மா சீலா மீன 'சொர்ர்'னு பொரிச்சுப் போட்டா. அவரு உக்காரதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு வெறும் தட்டு வச்சாரு.

"இது யாருக்குய்யா?"

"யாருன்னு தெரியாது அக்கா," ரொமேலு சொன்னான். "திடீர்னு யாராவது வந்தா, அவங்களுக்கு. அவங்க ஊர்ல அப்படி."

"நானும் உலையில ஒரு பிடி கூடத்தான் போடுவேன். நல்ல ஊருதான்."

அப்புறம் விடிஞ்சுது. கோயிலுக்குப் போயிட்டு வந்த ரொமேலு, அவங்கம்மா இந்நேரம் மூங்கில் குழாய்ல அரிசிமாவு அவிச்சு, தேங்காயும் வெல்லமும் போட்டுத் தருவாங்கன்னு ஏக்கமா சொன்னான். இன்னாசியம்மா சிரிச்சுக்கிட்டே உள்ள போய், குழாப்புட்டு அவிச்சு, அவன் தட்டுல 'பொத்'துன்னு தள்ளினா. ஆவி 'புஸ்ஸு'ன்னு மூஞ்சில அடிச்சுது. மடமடன்னு மூணு குழாய் உள்ள போச்சு.

"ம்."

அப்புறந்தான் வம்பு. மத்தியானம் பெரிய சாப்பாடு. தெஸ்பாய் முன்னாடி ஆட்டுக்கறிக் குழம்ப வச்சா. அவன் நெஞ்சுல கைய வச்சு, தலைய இப்படியும் அப்படியும் ஆட்டினான். வேண்டாமாம். சரி, காரம் ஆகாது போலன்னு, மக்ரூன் கொண்டு வந்தா. முட்டை வெள்ளைய நுரைக்க அடிச்சு, முந்திரிப்பருப்பு போட்டது, வாயில வச்சா கரையும். அதுக்கும் தலையாட்டு. சரின்னு பால்பாயாசம் கொண்டு வந்தா. அதுக்கும் தலையாட்டு. கண்ணு மட்டும் கலங்கி நின்னுச்சு.

பக்கத்து வீட்டு ரபேலம்மா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "ஏட்டி இன்னாசி, உன் கறியப் பாத்து ஆளு மிரண்டு போயிட்டான்."

"நீ போடி. உன் கேக்கப் பாத்து நாய் மிரண்டு போச்சு, அத நான் சொன்னேனா?"

வாய்க்கு வாய் பேசிட்டா, ஆனா வயிறு? ஒருத்தன் சாப்பிடலியே. அப்போ இவ எப்படித் தொடுவா? கறிச் சட்டிய ரபேலம்மா வீட்டுக்கே தூக்கிக் குடுத்துட்டு, பழைய சோத்தையும் துவையலையும் வச்சுக்கிட்டா. வாசம் மட்டும் 'கம்'முன்னு மூக்கச் சுத்திச் சுத்தி வந்துச்சு. பாவம்.

சாயங்காலம் தெஸ்பாய் வெளிய கிளம்பினான். இவ பின்னாடியே போனா. அவன் நேரா மாதா சிலை வச்ச கெபியோட படியில முட்டி போட்டு வெகுநேரம் ஜெபம் பண்ணினான். அப்புறம் ஒரு ஓரமா உக்காந்து, பொட்டலத்தப் பிரிச்சு, சுண்டல ஒவ்வொண்ணா எடுத்துத் தின்னான். பகல் பூரா அவனுக்கு அதுதான் மொத சாப்பாடு.

இன்னாசியம்மா நெத்தியில 'பட்'டுன்னு அடிச்சுக்கிட்டா. ஈஸ்டருக்கு முன்னாடி தபசு காலத்துல அவளும் இப்படித்தானே, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, கறி மீன் தொடாம இருப்பா. "அட மக்கா, நீ ஒருசந்தி இருக்கியா?"

கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, ரொமேல இழுத்து வச்சு, அவன் அரைகுறை இங்கிலீசுலயும் கைஜாடையிலயும் கேக்க, இவ புது வருசக் காலண்டரக் காட்டினா. தெஸ்பாய் விரல் ஜனவரி ஏழுல போய் நின்னுச்சு. அன்னைக்குத்தான் அவங்க ஊர்ல கிறிஸ்துமஸாம். அதுவரைக்கும் கறி, முட்டை, பால் எதுவும் ஆகாதாம். இவ வச்சது மூணும் அதே மூணு.

"ஒரே பாலன் ரெண்டு தேதியில எப்படிடா பொறப்பாரு?"

"அவங்க ஊர் காலண்டரு வேற அக்கா."

"சரி போ. ரெண்டு தடவ கொண்டாடுனா எந்தப் பிள்ள வேண்டாம்னு சொல்லும்?"

அன்னைல இருந்து அவளும் ஒருசந்தி. சாயங்காலமானா பருப்பும் கத்திரிக்காயும் வச்சு ரெண்டு பேரும் சாப்பிடுவாங்க. அவங்க ஊர்ல தோசை மாதிரி ஒண்ணு, பெருசா, நல்லாப் புளிச்சு இருக்குமாம். இவ கேப்பை மாவக் கரைச்சு வச்சா. தெஸ்பாய் தினம் வந்து மூடியத் தூக்கி மோந்து பாப்பான். தலையாட்டுவான். இன்னும் புளிக்கணுமாம். ரபேலம்மா மூக்கப் பொத்திக்கிட்டு, "செத்த எலி எதுவும் கிடக்கா?"ன்னு கேட்டா.

ம்?

"...ம்."

ஏழாம் தேதியும் வந்துச்சு. ஆனா கப்பலும் ரெடியாயிடுச்சு. காலையிலேயே கிளம்பணும், மூணு தடவ ஊதும், மூணாவது ஊதலுக்குள்ள ஏறிடணும்னு தகவல். அப்போ இன்னாசியம்மாவும் தெஸ்பாயும் விடியறதுக்கு முன்னாடியே அடுப்ப மூட்டிட்டாங்க. ஒரு கூடை வெங்காயம், 'சரக் சரக்'னு. ரெண்டு பேரு கண்ணுலயும் தாரை தாரையாத் தண்ணி. மிளகாய்ப்பொடி, நெய், கோழி 'தள புள'ன்னு கொதிக்க, அதுல அவிச்ச முட்டைய முழுசு முழுசாப் போட்டாங்க. பெரிய தாம்பாளத்துல கேப்பை தோசைய விரிச்சு, நடுவுல குழம்ப ஊத்தியாச்சு. அவங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே தட்டுதான்.

பூ...ம். மொத ஊதல்.

"சாப்பிடு தம்பி, சாப்பிடு"ன்னு இன்னாசியம்மா அடுப்புகிட்ட ஒதுங்கி நின்னா. தெஸ்பாய் தோசையக் கிழிச்சான், கோழித் துண்ட வச்சுச் சுருட்டினான், எழுந்து வந்து அவ வாய்கிட்ட நீட்டினான்.

"எனக்கெதுக்கு? மொதல்ல நீ."

அவன் கைய எடுக்கல.

ரொமேலு சொன்னான்: "அக்கா, அவங்க ஊர்ல ரொம்பப் பிரியப்பட்டவங்களுக்கு இப்படித்தான் ஊட்டுவாங்க. நீங்க வாங்காம அவன் சாப்பிட மாட்டான்."

"அவன் சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேனே. எங்கம்மா வழக்கம்டா."

பூ...ம். ரெண்டாவது ஊதல். குழம்பு ஆறுது. அவன் மணிக்கட்டுல குழம்பு 'சொட்டு சொட்டு'ன்னு வழியுது. இவ வாயத் தொறக்கல, அவன் கைய இறக்கல. இப்படியே போனா தவம் இருந்த பிள்ள வெறும் வயித்தோடல்ல கப்பலேறும்?

அப்போ தனிஸ்லாசு எழுந்தாரு. அன்னைக்கு வச்ச மாதிரியே ஒரு வெறும் தட்ட எடுத்து தாம்பாளத்துப் பக்கத்துல வச்சாரு. ஒரு முக்காலிய இழுத்துப் போட்டாரு. இன்னாசியம்மாவப் பாத்தாரு. உக்காருன்னு கையக் காட்டினாரு.

அவ வீட்டுல அவளுக்குன்னு ஒருத்தர் தட்டு வச்சது அன்னைக்குத்தான்.

மெதுவா உக்காந்தா. அம்மா மடியில உக்காந்து வாய்ச்சோறு வாங்குனது ஞாபகம் வந்துச்சு. அந்த அம்மாவே வந்து பாத்தாலும் இப்போ என்ன சொல்வா? வாயத் தொற மக்கா, ஆறிடும்னுதான் சொல்வா.

ஆ... தொறந்தா. 'லபக்'.

காரம், புளிப்பு, சூடு. கண்ணுல தண்ணி. "வெங்காயம்"னா. ரபேலம்மா வாசப்படியில இருந்து, "வெங்காயம் வெந்து எவ்வளவு நேரமாச்சு"ன்னு சொல்லிட்டு அவளும் முந்தானையால கண்ணத் தொடச்சா.

ரெண்டாவது வாய் ஊட்டினான், மூணாவது வாய் ஊட்டினான். அப்புறம் இவ ஒரு முழு முட்டையத் தோசையில பொதிஞ்சு அவன் வாயில வச்சா. கன்னம் 'பொம்'முன்னு உப்பிப் போச்சு. நாலு பேரும் ஒரே தட்டுல கைய விட்டாங்க. மூணாவது ஊதலுக்கு, வாயில தோசையோட 'தட தட தட'ன்னு ஓட்டம்.

கப்பல் புள்ளியா மறையற வரைக்கும் இன்னாசியம்மா கை கழுவல. அந்தக் குழம்புக் கையோடவே நெத்தியில சிலுவை போட்டு, "நல்லாருக்கணும் மக்கா, ஊட்டுன கை நல்லாருக்கணும்"னு சொன்னா.

அப்புறம் வருசா வருசம் அந்த வீட்டுல ரெண்டு கிறிஸ்துமஸ். ஏழாம் தேதி கேப்பை தோசை மணக்கும். ஒரு தட்டு கூட இருக்கும். ரபேலம்மா வந்து, "ஏட்டி, வாயத் தொற, எனக்கு வேல கிடக்கு"ன்னு முதல் வாய் ஊட்டிட்டுத்தான் தன் பங்குக்கு உக்காருவா.

ம்?

...ம் காணோம். சரி. தாம்பாளமும் காலி, கதையும் காலி. கண்ணு மூடிக்கிச்சு, நீ தூங்கு.